கையால் இயங்கும் ஒரு காமிராவும் சாந்த்ராகாச்சி ஏரிப் பறவைகளும்

ஹௌரா மாவட்டத்தில், தென்கிழக்கு ரயில்வேயின் சாந்த்ராகாச்சி நிலையத்தை அடுத்து ஒரு பெரிய ஏரி உள்ளது. வங்காளிகள் இதனைச் சாந்த்ராகாச்சி ஜீல் என்று அழைப்பர். ஒருபுறம் ரயில் வண்டிகளின் ஊதல், மறுபுறம் நெருங்கிய குடியிருப்புகள். இவற்றுக்கு நடுவே, பனிக்காலம் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இங்கு வந்து தங்குகின்றன. நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரைத் திட்டுகளே அவற்றுக்கு இருக்கை. பனிக்காலத்திற்கு முன் ஆகாயத்தாமரையை அகற்றும்பொழுது முழுவதையும் அகற்றிவிடாமல், பறவைகளுக்கென்று சில திட்டுகளை விட்டுவைப்பது இங்குள்ள வழக்கம். வரும் பறவைகளில் பெரும்பாலானவை சிறிய சீழ்க்கைச் சிறகி என்னும் வாத்தினம். வங்காளத்தில் இதற்குச் சரால் என்று பெயர். ஊசிவால் வாத்து, கருவால் வாத்து முதலியனவும் இடையிடையே காணப்படும்.

கல்லூரியொன்றில் விலங்கியல் போதிக்கும் நண்பர் ஒருவர் ஒரு டிசம்பர் மாதக் காலையில் அங்குச் சென்று, சரால் கூட்டத்தின் நடுவே பெரிய சீழ்க்கைச் சிறகி ஒன்றைக் கண்டதாகக் கருதினார். இவ்விரு இனங்களும் உருவத்தில் மிக நெருங்கியவை. பெரிய இனத்தின் விலாப்புறத்தில் வெண்மஞ்சள் நிறக் கீற்றுகள் தெளிவாகத் தெரியும். வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகளும் வெளிர் நிறமானவை. சிறிய இனத்தில் அவ்விறகுகள் செம்பழுப்பு நிறமானவை. நண்பர் கல்லூரி அலமாரியில் இருந்த பிலிம் காமிராவினால் பன்னிரண்டு படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பினார். பிலிமைக் கழுவி அச்சிட்டுப் பார்த்தபொழுது, ஒளிரும் நீர்ப்பரப்பின்மீது மையினால் வரைந்தாற்போன்ற கரிய வாத்துகளே தென்பட்டன. கழுத்தின் வளைவும் அலகின் கோணமும் மிக அழகாக அமைந்திருந்தன. ஆனால் விலாவில் கீற்று உண்டா, வாலின்மேல் நிறம் எது என்ற வினாவுக்கு அப்படங்களில் விடையில்லை. குறிப்பேட்டில் அவர் எழுதியிருந்த பெயரின் அருகே ஒரு வினாக்குறியை இட நேர்ந்தது.

காமிராவில் பழுதொன்றும் இல்லை. ஒளிமானியும் தனக்கு விதிக்கப்பட்ட வேலையைச் சரியாகவே செய்திருந்தது. அவ்வேலை யாது என்பதை அறிந்துகொள்ளாமல் அதன் சொல்லைக் கேட்டதே தவறு. கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இத்தகைய காமிராவைக் கையாள நேரிடும்பொழுது இது பயன்படும் என்னும் எண்ணத்தால் அதன் அமைப்பு இங்கு விளக்கப்படுகிறது.

நண்பரின் கையில் இருந்தது நிக்கான் எஃப்.எம். 10 என்னும் காமிரா. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த இது, தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கென்று குறைந்த விலையில் விற்கப்பட்டது. பெயர் நிக்கானுடையதாயினும், இதனை உற்பத்தி செய்தது கொசினா என்னும் மற்றொரு ஜப்பானிய நிறுவனம். யாஷிகா எஃப்.எக்ஸ். 3, கேனன் டி 60, ஒலிம்பஸ் ஓ.எம். 2000 ஆகியவையும் அதே நிறுவனத்தில் உருவானவையே. பெயர்ப் பலகை வேறானாலும் உள்ளுறுப்புகளில் நெருங்கிய உறவுண்டு. ஆகவே இங்குக் கூறப்படுவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். 2006இல் நிக்கான் நிறுவனம் தன் பிலிம் காமிராக்களுள் பெரும்பாலானவற்றை நிறுத்துவதாக அறிவித்தபொழுது, விட்டுவைத்த இரண்டில் எஃப்.எம். 10 ஒன்று. இப்பொழுது அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆயினும் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பூட்டிய அலமாரிகளில் இவ்வகைக் காமிராக்கள் இன்னும் உள்ளன.

இவ்வினத்துக்கு ஒற்றை லென்ஸ் பிரதிபலிப்புக் காமிரா என்று பெயர். பெயர் நீளமெனினும் பொருள் எளிது. பார்ப்பதற்கு ஒரு லென்ஸ், படம் பிடிப்பதற்கு ஒரு லென்ஸ் என்று இரண்டு இல்லாமல், ஒரே லென்ஸ் இரு பணிகளையும் செய்கிறது. லென்ஸின் வழியே புகும் ஒளியை, பிலிமுக்கு முன் 45 டிகிரி சாய்வில் நிற்கும் கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகிறது. அங்குள்ள மங்கல் கண்ணாடித் திரையில் விழும் பிம்பத்தை, அதற்கும் மேலே அமைந்த ஐங்கோணப் பட்டகம் இடவலம் மாறாமல் நேராக்கிக் கண்ணுக்கு அளிக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்புகிறது. ஷட்டர் திறந்து மூடுகிறது. கண்ணாடி மீண்டும் கீழே இறங்குகிறது.

இவ்வசதிகள் ஒரே நாளில் வந்தவையல்ல. 35 மில்லிமீட்டர் பிலிமுக்குரிய எக்ஸாக்டா காமிரா 1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் செய்யப்பட்டது. அதில் பிம்பத்தை மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகத் தெரியும். ஐங்கோணப் பட்டகம் 1949இல் காண்டாக்ஸ் எஸ் காமிராவில் வந்தது. படம் எடுத்தவுடன் தானே திரும்பும் கண்ணாடியை 1954இல் ஜப்பானின் ஆசாஹி நிறுவனம் அளித்தது. லென்ஸின் வழியே வரும் ஒளியையே அளக்கும் ஒளிமானி 1963இல் டாப்கான் காமிராவில் தோன்றியது. கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் நேஷனல் 35 என்னும் காமிராவைச் செய்தது. ஆனால் அது கண்ணாடியும் பட்டகமும் அற்ற எளிய வகை.

படம் பதிவாகும் கணத்தில் கண்ணாடி மேலே இருப்பதால், வியூபைண்டர் இருண்டுவிடுகிறது. பிலிமில் பதிந்த அந்தக் கணத்தை மட்டும் படமெடுத்தவர் தம் கண்ணால் கண்டிருக்கமாட்டார். சிறகி தலையை நீருக்குள் அமிழ்த்தியதா, நிமிர்த்தியதா என்பது பிலிமைக் கழுவிய பின்னரே தெரியும். இன்னொன்று: எஃப்.எம். 10இன் வியூபைண்டரில் தெரிவது, பிலிமில் பதியும் பரப்பில் சுமார் 92 சதவீதம் மட்டுமே. பறவைக் கூட்டத்தை எண்ணுவதற்காகப் படம் எடுப்போர் இதை நினைவில் வைக்க வேண்டும். ஓரங்களில் நாம் காணாத பறவைகளும் பிலிமில் இருக்கும். அடுத்தடுத்த படங்களைச் சேர்த்து எண்ணினால் அவை இருமுறை கணக்கில் சேரும்.

இனி, ஒளி பிலிமில் படும் அளவு. இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டுமென்று பல நாட்கள் தேடினேன். ஒளிபடுதல் என்றால் பொருள் விரிந்துபோகிறது. ஒளியூட்டம் என்றால் இருட்டறையில் வேலை செய்பவருக்கு விளங்குவதில்லை. அவர்கள் எக்ஸ்போஷர் என்றே கூறுவர். நானும் அவர்களிடம் தோற்று அச்சொல்லையே வைத்துக்கொள்கிறேன். எக்ஸ்போஷரை இரண்டு உறுப்புகள் நிர்ணயிக்கின்றன. ஒன்று லென்ஸின் துவாரம். மற்றொன்று ஷட்டர் திறந்திருக்கும் நேரம். துவாரம் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற எண்களால் குறிக்கப்படும். எண் பெரிதாகப் பெரிதாகத் துவாரம் சிறிதாகும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒளி பாதியாகக் குறையும். எஃப்.எம். 10இன் ஷட்டர் ஒரு வினாடியிலிருந்து ஒரு வினாடியில் 2000இல் ஒரு பங்கு வரை செல்லும். இங்கும் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். ஆகவே துவாரத்தை ஒரு படி திறந்து நேரத்தை ஒரு படி குறைத்தால் எக்ஸ்போஷர் மாறாது. இந்த ஒரு படியை ஸ்டூடியோக்காரர்கள் ஸ்டாப் என்பர்.

இக்காமிராவில் இவ்விரண்டையும் நாமே கையால் திருப்ப வேண்டும். தானியங்கி வசதி எதுவும் கிடையாது. ஷட்டர் முற்றிலும் வில்லாலும் பற்சக்கரங்களாலும் இயங்குவது. பொத்தான் அளவுள்ள இரண்டு சிறு பாட்டரிகள் ஒளிமானிக்கு மட்டுமே. மலைக் கிராமத்தில் பாட்டரி தீர்ந்துவிட்டாலும் படம் எடுக்கலாம். அப்பொழுது ஒரு பழைய விதி கைகொடுக்கும்: தெளிந்த வெயிலில், துவாரம் 16ஆக இருக்க, ஷட்டர் நேரம் பிலிமின் வேக எண்ணுக்கு நெருங்கியதாக அமைய வேண்டும். 400 வேகமுள்ள பிலிமுக்கு 1/500 வினாடி போதுமானது.

ஒளிமானியின் செய்தி வியூபைண்டரின் உள்ளே மூன்று சிறு விளக்குகளாகத் தெரியும். பச்சை மட்டும் எரிந்தால் சரி. சிவப்பில் கூட்டல் குறி தெரிந்தால் ஒளி அதிகம். கழித்தல் குறி தெரிந்தால் குறைவு. இத்தனை தெளிவான செய்தியை நம்பாமல் இருப்பது கடினம். ஆனால் ஒளிமானிக்கு வாத்து என்றோ, நீர் என்றோ, ஆகாயத்தாமரை என்றோ தெரியாது. தன் முன்னுள்ள காட்சி, நடுப்பகுதிக்குச் சற்று அதிக மதிப்பளித்துப் பார்க்கையில், சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று அது கருதிக்கொள்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு அது. வயல், செங்கற்சுவர், மரங்கள், மக்கள் கலந்த சாதாரணக் காட்சிக்கு இக்கருத்து பெரும்பாலும் பொருந்தும். வெண்மையான சுவரைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கும். கரும்பலகையைக் காட்டினாலும் சாம்பலாக்கும்.

சாந்த்ராகாச்சியில் நடந்தது இதுதான். நண்பர் கதிரவனை நோக்கி நின்றிருக்கிறார். பனிமூட்டத்தின் ஊடே சாய்வாக வந்த ஒளி நீர்ப்பரப்பில் பளபளத்தது. வியூபைண்டரின் பெரும்பகுதி நீர். சிறகிகள் அதில் சிறு புள்ளிகள். பளபளக்கும் நீரைச் சாம்பலாக்குவதற்கு வேண்டிய எக்ஸ்போஷரை ஒளிமானி சொல்ல, அவர் 11 என்ற துவாரமும் 1/1000 வினாடியும் வைத்தார். சிறகியின் உடலைவிட நீர் எட்டு மடங்கு ஒளிர்ந்திருந்தால், உடலுக்கு மூன்று படிகள் ஒளி குறைந்துவிட்டது என்று பொருள். செம்பழுப்பு, வெண்மஞ்சள் என்ற வேற்றுமை அந்த இருளில் மறைந்துபோயிற்று. நெகட்டிவ் பிலிமில் ஒளி சற்று மிகுந்தாலும் அச்சிடும்பொழுது ஓரளவு சரிசெய்யலாம். பதிவாகாத விவரத்தை எந்த இருட்டறையாலும் வரவழைக்க இயலாது. ஸ்லைடு பிலிமுக்கு இது நேர் எதிர். அதில் ஒளி மிகுந்தால் வெண்ணிறப் பகுதிகள் வெறும் கண்ணாடியாகிவிடும்.

பரிகாரம் எளிது. நீரை விட்டு, அதே ஒளியில் இருக்கும் ஆகாயத்தாமரை இலைகளின்மீது காமிராவைத் திருப்பி, வியூபைண்டர் முழுவதும் இலையே நிறையுமாறு செய்து அளக்க வேண்டும். பச்சை இலை நடுத்தரச் சாம்பலுக்கு ஏறத்தாழச் சமமான ஒளியையே அனுப்புகிறது. கிடைத்த அளவைக் காமிராவில் வைத்துவிட்டு, பிறகு பறவையின் பக்கம் திரும்ப வேண்டும். அப்பொழுது சிவப்பு விளக்கு எரிந்து எச்சரித்தாலும் பொருட்படுத்தலாகாது. இலை கிட்டாத இடத்தில், ஒளியின் திசைக்கு நேரே உள்ளங்கையை நீட்டி அளந்து, அதைவிட ஒரு படி கூடுதலாகத் திறக்கலாம். சிப்பூரிலுள்ள மத்திய தேசியத் தாவரச் சேமிப்பகத்தில் உள்ளவைபோன்ற உலர்தாவரத் தாள்களைப் படியெடுப்போருக்கும் இதே சங்கடம் உண்டு. வெண்மையான தாள் மங்கிய சாம்பலாகப் பதியும். ஒளிமானி சொல்வதைவிட ஒன்றரைப் படியேனும் கூட்ட வேண்டும்.

எக்ஸ்போஷர் சரியானாலும் லென்ஸ் போதுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். சிறிய சீழ்க்கைச் சிறகியின் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். அது 60 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். இக்காமிராவுடன் விற்கப்பட்ட 35–70 மில்லிமீட்டர் லென்ஸை 70இல் வைத்தால், பிலிமில் அதன் பிம்பம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கீற்று, ஒரு மில்லிமீட்டரில் எண்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிலிமின் மணல்போன்ற துகள்களிடையே அதைத் தேடுவது வீண். 200 மில்லிமீட்டர் லென்ஸில் பறவை 1.3 மில்லிமீட்டராகவும், கீற்று முப்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டராகவும் பதியும். இது போதும், ஆனால் அதற்குமேல் மிச்சமில்லை. லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதியே இவ்வகைக் காமிராவின் பெரும் நன்மை. மாற்றிய லென்ஸ் எதுவாயினும், அது காண்பதையே கண்ணும் காணும்.

பறவை அசையாதிருந்தால் 200 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து 1/250 வினாடியில் எடுக்கலாம். பறந்தால் கணக்கு மாறும். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் குறுக்கே செல்லும் பறவையின் பிம்பம், அதே 60 மீட்டர் தொலைவில், பிலிமின்மேல் வினாடிக்கு 50 மில்லிமீட்டர் நகர்கிறது. 1/250 வினாடியில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு மங்கும்; நாம் தேடும் கீற்றைப்போல் ஆறு மடங்கு. 1/2000 வினாடியில்தான் மங்கல் கீற்றின் அகலத்திற்குள் அடங்கும். பனிமூட்டக் காலையில் அதற்கு வேண்டிய ஒளி சாதாரண லென்ஸுக்குக் கிடைக்காது. ஆகவே பறக்கும் சிறகியைக்கொண்டு இனத்தை முடிவுசெய்ய முயலாமல், திட்டில் அமர்ந்திருப்பதை எடுப்பதே மேல்.

குவியத்தைச் சரிசெய்ய, திரையின் நடுவே இரண்டாகப் பிளந்த வட்டம் உண்டு. உருவத்தின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றோடொன்று பொருந்தினால் குவியம் சரி. வாத்தின் உடலில் நேர்கோடு இல்லை. ஆகவே நிமிர்ந்த கழுத்தையோ, அருகில் ஊன்றிய மூங்கிலையோ கொண்டு பொருத்த வேண்டும். துவாரம் 4இல், 60 மீட்டரில் குவியம் வைத்தால், சுமார் 51 மீட்டரிலிருந்து 73 மீட்டர் வரை உள்ளவை ஏற்கத்தக்க தெளிவுடன் இருக்கும். ஒரு திட்டிலுள்ள கூட்டம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

மற்ற வசதிகளைச் சுருங்கக் கூறலாம். பத்து வினாடி தாமதித்து இயங்கும் விசை உண்டு. ஃப்ளாஷ் விளக்கை 1/125 வினாடிக்கு மேற்பட்ட வேகத்தில் பயன்படுத்த இயலாது. ஏரியில் அதற்கு வேலையுமில்லை. ஒரே பிலிம் கட்டத்தில் பலமுறை படம் பதிக்கும் நெம்புகோல் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். சித்திரக்காரருக்கு அது விளையாட்டு. விஞ்ஞானப் பதிவில் அதைத் தொடாதிருப்பது உத்தமம்.

அலமாரியிலிருந்து எடுக்கும் காமிராவை உடனே நம்பிவிடலாகாது. வங்கத்திலும் நம் கடற்கரை மாவட்டங்களிலும் மழைக்காலத்து ஈரத்தினால் லென்ஸின் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும். பின்கதவின் ஓரங்களில் ஒளி புகாதிருக்க ஒட்டிய பஞ்சு, ஆண்டுகள் சென்றபின் பிசினாகி உதிரும். பழைய பாட்டரி கசிந்து தகட்டை அரித்திருக்கலாம். ஒரு வினாடி என்று வைத்தால் ஷட்டர் இரண்டு வினாடி இழுக்கவும் கூடும். பிலிமுக்கும் இனி வெளிநாட்டையே நம்ப வேண்டும். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் இந்து என்னும் கறுப்பு வெள்ளைப் பிலிம் ஒரு காலத்தில் நம் பள்ளிகளிலும் ஸ்டூடியோக்களிலும் வழங்கிற்று. அத்தொழிற்சாலை இப்பொழுது இயங்கவில்லை.

வகுப்பில் காட்டுவதற்கு இக்காமிராவைப்போல் எளிய சாதனம் அரிது. பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, பிலிம் நிற்கும் இடத்தில் எண்ணெய்த்தாள் துண்டொன்றை ஒட்டி, ஷட்டரை பி என்ற எழுத்தில் வைத்து அழுத்திப் பிடித்தால், சன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் தலைகீழாகத் தாளில் தெரியும். துவார வளையத்தைத் திருப்பினால் பிம்பம் படிப்படியாக மங்குவதையும் மாணவர் காணலாம். ஷட்டரின் மெல்லிய தகடுகளை மட்டும் விரலால் தீண்டவிடக் கூடாது.

அடுத்த ஜனவரியில் நண்பருடன் நானும் சாந்த்ராகாச்சிக்குச் சென்றேன். பிலிம் ஏற்றும் பொறுப்பை நான் ஏற்றது பிழை. பிலிமின் நாக்கை எதிர்ப்புற உருளையின் பிளவில் செருகிக் கதவை மூடினேன். முன்னேற்றும் நெம்புகோலைத் தள்ளும்பொழுது, இடப்புறத்திலுள்ள சுருட்டும் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று பார்க்கவில்லை. நாக்கு நழுவியிருந்தது. எண்காட்டி மட்டும் ஒன்று, இரண்டு என்று முறையாக நகர்ந்துகொண்டிருக்க, பதினொன்று வரையில் ஒன்றும் பதிவாகாமலே அழுத்தினோம். நண்பர்தாம் குமிழைக் கவனித்தார். எழுத்தை மட்டும் அறிந்தவனிடம் இயந்திரத்தை ஒப்படைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தகும்.

பிலிமை மீண்டும் ஏற்றிக்கொண்டு, கதிரவன் முதுகுப்புறம் வருமாறு கரையில் சுற்றிச் சென்றோம். இலைகளின்மீது அளந்ததில் துவாரம் 4, நேரம் 1/1000 வினாடி என்று கிடைத்தது. நீரைக் காட்டினால் கூட்டல் குறி எரிந்தது. எரியட்டும் என்று விட்டோம். ஒவ்வொரு படத்திற்கும் கட்ட எண், தேதி, மணி, கரையில் நின்ற இடம், லென்ஸ், துவாரம், ஷட்டர் ஆகியவற்றை நான் குறிப்பேட்டில் எழுதினேன். இக்காலக் காமிராக்கள் இவற்றைத் தாமே பதிந்துகொள்கின்றன. பிலிம் எதையும் நினைவில் வைப்பதில்லை. தேதியற்ற நெகட்டிவ் எவ்வளவு தெளிவாக இருப்பினும் கணக்கெடுப்புக்கு உதவாது.

கழுவி வந்த பிலிமில் சிறகிகளின் இறகு இறகாகத் தெரிந்தது. வால்மூடி இறகுகள் தெரியும்படி திரும்பியிருந்தவை பதினேழு. நண்பர் வண்ணப் பிரிண்டுகளை மேசைமேல் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றாக நோக்கினார். பதினேழும் செம்பழுப்பு, எல்லாம் சரால்களே. டிசம்பர் மாதத்துப் பறவை எது என்பதை இப்படங்களால் கூற இயலாது. அன்று அவர் கண்டது பெரிய சிறகியாகவும் இருந்திருக்கலாம். ஜனவரிப் பதிவை அவர் முழுமையாக எழுதி முடித்தார்; டிசம்பர்ப் பதிவின் அருகே இருந்த வினாக்குறியை அப்படியே விட்டுவைத்தார்.